சட்டைப்பையில் இருந்த ஃபியூஸ்

1931-ஆம் வருஷம் தை மாதத்தில் நானும் சிவஞானமும் செகந்திராபாத் ஸ்டேஷனில் ஒரே ரயிலிலிருந்து இறங்கினோம். அவன் வாலாஜாப்பேட்டை, நான் அரக்கோணம். பெஜவாடா தாண்டும்வரை எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே வந்தோம். காஜிப்பேட்டை வருவதற்குள் என் பசி அவனுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. தன் புளிசாதத்தில் பாதியைப் பிரித்து என் பக்கம் தள்ளினான். வாயைத் திறந்து "சாப்பிடு" என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் அவன் பேச்சு.

என் பெயர் நடேசன். ரயில்வேயின் மின்சாரப் பிரிவில் ஸ்டோர் குமாஸ்தா. சிவஞானத்தின் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படக்கூடிய பங்கு இல்லை. அதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் மின்சார வேலைக்கு இரண்டு வாசல். பள்ளிக்கூடத்தில் படித்து சர்டிபிகேட்டோடு வருகிறவர்களுக்கு ஒன்று. அவர்கள் வந்த அன்றைக்கே நாற்காலியில் உட்காருவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு மற்றது. அந்த வாசலுக்குப் பெயர் கலாசி. கலாசி என்றால் ஏணி தூக்குகிறவன். முதல் வருஷம் முழுக்க ஏணிதான். அடுத்த வருஷம் கையில் சுத்தியும் உளியும் வரும். சுவரில் ஓட்டை போட்டு, தேக்குக் கட்டையைச் சீவி உள்ளே அடித்து, சுற்றிலும் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும். வயர் ஓடும் மரப்பட்டியை அந்தக் கட்டையில்தான் அறைவார்கள். பட்டியை அறைகிறவனும் வேறு ஆள். வயரைத் தொடுகிறவன் அதற்கும் மேலே. நாங்கள் மின்சாரப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்தும் மின்சாரம் எங்கள் பக்கத்தில்கூட வரவில்லை. ஊருக்குப் போனால் மட்டும் கரண்ட்டுக்காரர் என்று மரியாதை.

மூன்றாம் வருஷத்துக்கு மேல் ஹெல்பர் ஆகலாம். மிஸ்திரி கேட்கிற சாமானை எடுத்துக் கொடுக்கலாம், அவர் முறுக்கிப் பற்றவைத்த வயர்மேல் டேப் சுற்றலாம். அதற்கப்புறம் ட்ரேட் டெஸ்ட். வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் இடம் காலியானால் வைப்பார்கள். தேறினால் வயர்மேன். வயர்மேனுக்குத்தான் காலனியில் குடும்ப குவார்ட்டர்ஸ். மற்றவர்கள் எல்லோருக்கும் பேரக்ஸ், ஒரு அறைக்கு நாலு பேர்.

இந்தக் கடைசி விஷயம்தான் சிவஞானத்துக்கு உயிர். 1933-இல் லீவில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். பெண் பெயர் கனகவல்லி. பன்னிரண்டு நாள் கூட இருந்துவிட்டு, அவளை வாலாஜாவில் தாய் தகப்பனிடம் விட்டுவிட்டுப் பேரக்ஸுக்குத் திரும்பினான். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு ரயில் பாஸ், பதினைந்து நாள் லீவு. அவ்வளவுதான் அவர்களுடைய குடித்தனம்.

அந்த வருஷங்களில் லாலாகுடா காலனிக்கும் போலாரம் பக்கத்து வீடுகளுக்கும் புதிதாக லைட் போட்டுக்கொண்டிருந்தோம். வேலை முடிந்து விளக்கு எரிந்ததும் அந்தந்த வீட்டுப் பெண்கள் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்ப்பார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிப்பார்கள். சிவஞானம் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அதையே பார்த்து நிற்பான். "வாடா, போகலாம்" என்று நான் இழுத்தால்தான் நகருவான். பேரக்ஸில் எங்களுக்கு அப்போது லாந்தர்.

இப்போது 1935 பங்குனிக்கு வருகிறேன். இதுவரை எழுதியது சுலபம்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை செய்யப்போகிறவன் போர்டிலிருந்து ஃபியூஸைப் பிடுங்குவான். அது கைக்கு அடக்கமான பீங்கான் துண்டு, உள்ளே ஒரு மெல்லிய கம்பி. அதைப் பிடுங்கினால் அந்தப் பக்கத்துக்குக் கரண்ட் போகாது. பிடுங்கியதைப் போர்டின் தலைமேல் வைத்துவிட்டு ஏணி ஏறுவான். கூட வந்தவர்கள் கீழே காவல். இறங்கி வந்து அவனே திருப்பிச் செருகுவான்.

அன்றைக்கு ஆபீஸ் வராந்தாவில் ஏணிமேல் இருந்தது சிவஞானம். புதிதாக ஹெல்பர் ஆனவன், மிஸ்திரி கரீமுத்தீன் முதல்முறையாக வயரைத் தொட விட்டிருந்தார். கீழே நானும் சூசைராஜும் லட்சுமணனும். சூசைராஜ் தண்ணீர் குடிக்கப் போனான். லட்சுமணன் ஆணி எடுக்கப் போனான். உள்ளேயிருந்து ஹெட் கிளார்க் ஃபேன் நின்றுவிட்டது என்று ஒரே கத்தல். போர்டின் தலையில் சிவஞானம் பிடுங்கி வைத்த இரண்டு ஃபியூஸ் இருந்தன. ஒன்று ஃபேனுக்கு, ஒன்று வராந்தாவுக்கு. நான் ஒன்றை எடுத்துச் செருகினேன்.

ஃபேன் ஓடவில்லை. ஏணி விழுந்த சத்தம் கேட்டது.

சிவஞானம் பிழைத்தான். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கருகி, ஆறிய பிறகும் மடங்கவில்லை. மிஸ்திரி எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து, "கிஸ்னே டாலா?", போட்டது யார் என்று கேட்டார். சூசைராஜ் தெரியாது என்றான், அது உண்மை. லட்சுமணன் தெரியாது என்றான், அதுவும் உண்மை. நானும் தெரியாது என்றேன். அந்த மாத ஹெல்பர் லிஸ்டில் என் பெயர் இருந்தது, அடித்துவிடுவார்கள் என்று பயம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பல வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிவஞானம் எங்களில் ஒருவனிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஃபியூஸைப் போர்டின் தலையில் வைப்பதில்லை. பிடுங்கியதும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏணி ஏறினான். கூட ஆள் வேண்டாம் என்றான். ஏணியைத் தானே தூக்கினான், தானே நட்டான். "அகேலா கைக்கு?", ஏன் தனியாக என்று மிஸ்திரி கேட்டால், "ஆத்மீ நக்கோ", ஆள் வேண்டாம் என்று பதில். சட்டைப்பை கனத்துத் தொங்கும். எங்கள் பிரிவில் அதை வைத்து அவனைக் கேலி செய்வார்கள். நான் சிரிக்கமாட்டேன். கொஞ்ச நாளில் ஸ்டோருக்கு எழுதிக் கேட்டு மாற்றிக்கொண்டு போய்விட்டேன்.

என்னோடு மட்டும் அவன் பழையபடி இருந்தான். நான் ஸ்டோர் ஆள், போர்டு பக்கம் வராதவன் என்பதாலா, புளிசாதக் கணக்கா, தெரியாது. பேரக்ஸில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து துணி துவைத்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அம்மா போன பிறகு அரக்கோணத்தில் யாரும் இல்லை. அவனும் நானுமாகப் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு வாய்த்த சொந்தம்.

ட்ரேட் டெஸ்டில் இரண்டு முறை தோற்றான். இரண்டு வயரைச் சீவி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைக்க ஒரு நேரம் கொடுப்பார்கள். மடங்காத விரல்களோடு அந்த நேரத்துக்குள் அவனால் முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கனகவல்லிக்கு ஒரு கார்டு எழுதுவான்: "இந்த வருஷம் ஆகவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்." நான் ஸ்டோரில் கழித்துப் போட்ட துண்டு வயர்களைப் பொறுக்கிவந்து கொடுப்பேன். பேரக்ஸ் வாசலில் உட்கார்ந்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையைக் கட்டைவிரலாலும் மிச்சம் இருந்த இரண்டு விரலாலும் முறுக்கிப் பழகினான். உதட்டோரம் எப்போதும் புண்ணாக இருக்கும். அதைப் பார்த்தால் அடுத்த துண்டைக் கொடுக்க மனம் வராது. இருந்தாலும் கொடுத்தேன்.

1938-இல் மூன்றாம் முறை. பற்றவைத்ததைப் பரீட்சை அதிகாரி இழுத்துப் பார்த்தார், பிரிந்து வரவில்லை. மாடிப்படி விளக்கு ஒன்றை மேலேயும் கீழேயும் இரண்டு சுவிட்சில் ஏற்றி அணைக்கும்படி பலகையில் பூட்டச் சொன்னார், பூட்டினான். கடைசியில் வாய்க்கேள்வி: நீ ஏணியில் இருக்கிறாய், ஃபியூஸ் எங்கே? மற்றவர்கள் போர்டின்மேல் என்றார்கள், கூட இருப்பவன் கையில் என்றார்கள். சிவஞானம் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினான். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதிகாரி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாராம். யாரையும் நம்பாமல் இருந்ததற்கு அவனுக்குப் பரிசு கிடைத்தது.

அடுத்த தை மாதம் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஒரு முற்றம். இரண்டு விளக்கு. அந்த வயரிங்கை முழுக்கத் தானே செய்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு கனகவல்லி ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். உயரமான பெண், சிரித்த முகம், என்னைப் பார்த்த முதல் நாளே அண்ணே என்று கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே சாப்பாடு என்று அவளே முடிவு செய்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனுக்குச் செய்த கெடுதல் எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆவணியில் ஒரு சாயங்காலம், மழை பிடித்துக்கொண்ட நேரம், அவனுக்கு வந்த கார்டைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். வரிசையில் எல்லா வீட்டிலும் லைட் எரிந்தது. சிவஞானம் வீடு மட்டும் இருட்டு. உள்ளே சிம்னி விளக்கு வைத்துக்கொண்டு கனகவல்லி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"லைட் என்னாச்சும்மா?"

"அவுரு சட்டைப்பையில கீதுண்ணே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். திரும்பி வந்துதான் செருகுகிறான்.

"போலாரத்துல வேலைன்னா வர்றதுக்கு எட்டு மணி ஆவுது," என்றாள். "எனக்குச் சொல்லிக்குடு, நான் பத்திரமா போட்டுக்கிறேன்னு சொன்னேன். வேணாம், யாராவது வந்து கைய வெச்சிருவாங்கன்றாரு. யாரு வருவாங்க இங்க? எதுர் வூட்டம்மா தெலுங்குல இன்னாவோ கேக்குது, சிரிக்குது. கரண்ட்டுக்காரு வூட்ல கிரோசின்னு கேக்குதுன்னு நெனைக்கிறேன்."

மறுநாள் ஸ்டோருக்கு வந்தவனிடம் கேட்டேன். "அவளுக்கு ஏதாவது ஆயிட்டா இன்னாடா பண்ணுவேன்," என்றான். அவன் கண்ணில் இருந்தது பயம். பொய்யில்லாத பயம். அவன் சீட்டுக்குச் சாமானை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

இன்னும் இரண்டு வருஷம் அப்படியே ஓடிற்று. வருஷக்கணக்காகக் காத்திருந்து வந்தவள் பகலெல்லாம் தனியாக உட்கார்ந்து மேலும் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் மூன்று பேருமே பேசாமல் சாப்பிட்டோம்.

1941 ஆடியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குக் கிளம்பினாள். அன்றைக்குச் சிவஞானத்துக்கு லீவு இல்லை. என்னை ஏற்றிவிடச் சொன்னான். பிளாட்பாரத்தில் அவளாகவே ஆரம்பித்தாள்.

"அண்ணே, நான் திரும்பி வரப்போறதில்ல. அவுருகிட்ட சொல்லல."

"லைட்டுக்காகவாம்மா?"

"லைட்டு இன்னா லைட்டு. எங்கம்மா வூட்ல சிம்னிதான். நான் ஏத்தினா எரியும், நான் ஊதினா அணையும். இங்க ஒரு பீங்கானைக்கூட என்ன நம்பி வெச்சிட்டுப் போவல அவுரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் இன்னாண்ணே பண்ணேன் அவுருக்கு? எவனோ பண்ணதுக்கு நான் ஏன் இருட்டுல குந்தணும்?"

வண்டி வந்தது. அந்த எவனோ அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான்.

மூன்று மாதம் ஆயிற்று. கார்டுகளுக்குப் பதில் வரவில்லை. அவனாகவே புரிந்துகொண்டான். குடும்பம் இல்லாதவனுக்குக் குடும்ப குவார்ட்டர்ஸ் இல்லை என்பது சட்டம். காலி செய்யச் சொல்லிக் கடிதாசு வந்தது. ஐப்பசியில் ஒரு மத்தியானம் வீட்டுச் சாமானைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்கு வந்தான். இரண்டு பல்பு, இரண்டு ஹோல்டர், ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தான். மடங்காத விரல்கள் இரண்டும் பல்பின்மேல் படாமல் விறைத்து நின்றன.

"பேரக்ஸ்ல உம் பக்கத்துல எடம் கீதா?" என்று கேட்டான்.

இருந்தது. அவன் வந்தால் எனக்குத் துணை. மறுபடி பக்கத்துப் பக்கத்துப் பாய், மறுபடி ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைப்பு. ஒரு கணம் எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. அந்த ஆசையைக் கண்டுதான் எனக்கு என்மேல் அருவருப்பு வந்தது என்று நினைக்கிறேன்.

"சிவஞானம்," என்றேன். "அன்னிக்கு ஃபியூஸைப் போட்டது நான்தான்."

எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சூசைராஜ் இல்லியா?" என்றான்.

"இல்ல."

"லட்சுமணன்?"

"இல்ல. அவங்க ரெண்டு பேரும் அங்கயே இல்ல. நான்தான். ஃபேன் ஃபியூஸ்னு நெனச்சுப் போட்டேன்."

"சூசைராஜ் காஜிப்பேட்டைக்கு மாத்திக்கினு போறதுக்கு மின்னாடி கல்யாணத்துக்குக் கூப்ட்டான்," என்றான் சிவஞானம். "நான் போவல. லட்சுமணன் காலரால கெடக்கும்போது என்ன பாக்கணும்னு ஆள் அனுப்பினான். அதுக்கும் போவல."

குரல் உயரவில்லை. என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால், நான் தாங்கியிருப்பேன். ஆறு வருஷம் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் அவன் ஒருவனைச் சந்தேகித்திருப்பான், ஊரையே இல்லை, கட்டிய மனைவியை இல்லை. அந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்குமே அந்த மேஜைமுன் சேர்ந்தே புரிந்தது.

"இத ரிஜிஸ்தர்ல எழுதிட்டியா?" என்று பல்புகளைக் காட்டிக் கேட்டான்.

"இன்னும் இல்ல."

பல்புகளையும் ஹோல்டர்களையும் மறுபடி துணியில் சுற்றினான். பொறுமையாக முடிச்சுப் போட்டான். போய்விட்டான்.

மிஸ்திரியிடம் எழுதி வாங்கி, குடும்பத்தை அழைத்துவர ஒரு மாத அவகாசம் கேட்டு, அடுத்த வாரமே வாலாஜாவுக்கு ரயிலேறினான். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை, சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை. கார்த்திகை பிறந்ததும் கனகவல்லியோடு திரும்பினான். வரும் வழியில் காஜிப்பேட்டையில் இரண்டு பேரும் இறங்கி, சூசைராஜ் வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு வந்ததாகச் சூசைராஜே பிற்பாடு எனக்குச் சொன்னான். சிவஞானம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். எதற்கென்று சூசைராஜுக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவன் கூட ஆள் வைத்துக்கொண்டு வேலை செய்தான். ஏணிமேல் அவன், போர்டு பக்கம் வேறொருவன். ஃபியூஸ் கீழே நிற்கிறவன் கையில் இருக்கும். வீட்டில் சாயங்காலமானால் கனகவல்லி லைட் போட்டாள். எதிர் வீட்டுத் தெலுங்கம்மா அங்கே வந்து உட்கார்ந்து பூக் கட்டினாள். நான் பேரக்ஸுக்குப் போகிற பாதை அந்த வரிசை வழியாகத்தான், வேறு பாதை சுற்று என்பதால் தெரியும். சில வருஷத்தில் அவனே மிஸ்திரி ஆனான். ஏணி தூக்கியவன் அந்த வாசல் வழியாக அவ்வளவு தூரம் போனது எங்கள் பிரிவில் அபூர்வம்.

ஸ்டோருக்குச் சாமான் வாங்க வருவான். சீட்டை நீட்டி, "ஸ்டோர் பாபு, ஒரு கையெழுத்து," என்பான், மற்றவர்கள் கேட்பதைப் போலவே. கொடுத்ததை எண்ணிப் பார்த்துக்கொள்வான். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. ஊரில் எல்லோரையும் நம்பினான், என்னைத் தவிர. அது நியாயம். நியாயமாக இருப்பதால் வலிக்காது என்று இல்லை.

போன மாதம் மோண்டா மார்க்கெட்டில் கனகவல்லி எதிரே வந்தாள். கையில் கூடை, தலையில் ஒரு முழம் பூ. என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னாண்ணே, எங்கள மறந்துட்டீங்களா? ஞாயித்துக்கெழமை சாப்ட வர்றதே இல்ல, எத்தினி வருஷம் ஆவுது. அவுருகிட்ட கேட்டேன்."

"என்னம்மா சொன்னான்?"

"ஒங்களுக்கு வேலை ஜாஸ்தியாயிடுச்சாம். ஸ்டோர விட்டு வர முடியலையாம்."

அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

"ஆமாம்மா, வேலை ஜாஸ்திதான்," என்றேன்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. பேரக்ஸுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.